கயிற்றில் போன தேயிலையும் கயிற்றில் போகும் நாமும்

பொன்முடிக்கு ரோப்வே வரப்போகிறது என்ற பேச்சு எங்கள் விதுராவில் மழைக்காலத் தவளைச் சத்தம் மாதிரி. ஆண்டுதோறும் வரும், கொஞ்ச நாள் காதை அடைக்கும், பிறகு ஓய்ந்துவிடும். என் கடை கல்லாறு, பொன்முடி போகும் பாதையில் இருப்பதால் இந்தப் பேச்சு முதலில் என் கடை முன்னால்தான் இறங்கும். போன மாதமும் அப்படித்தான். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு நண்பர், "அண்ணாச்சி, இதெல்லாம் சுவிட்சர்லாந்துக்காரன் விளையாட்டு. நம்ம மலைக்கும் நம்ம ஆளுக்கும் இதுல என்ன பழக்கம்?" என்றார். (இங்கே தமிழ்க் கடைக்காரர் எல்லோருமே அண்ணாச்சிதான். நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம் என்று நாற்பது வருடமாகச் சொல்லியும் பயனில்லை.) அவருக்குச் சொன்ன பதிலைத்தான் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் எழுதி அனுப்புகிறேன். சிறியேன் படித்தது பழைய எஸ்.எஸ்.எல்.சி. மட்டுமே. பொறியியல் அறிந்த பெரியோர்கள் பிழை கண்டால் பொறுத்தருள வேண்டும்.

நான் கயிறு விற்கிறவன். தேங்காய் நார்க் கயிறு, நைலான் கயிறு, இரும்புக் கம்பிவடம், அதற்கான கப்பி, கொக்கி எல்லாம் உண்டு. 1979இல் மாமாவின் கடைக்கு வேலைக்கு வந்தேன், பிறகு கடை என் பேருக்கு வந்தது. 1991இல் ஒரு தோட்டத்துக்கு மரத்தடி இழுக்கக் கம்பிவடம் கொடுத்தேன். ஒரு முறை உபயோகித்த வடம்தான், ஆனால் மேலே கிரீஸ் பூசிப் பளபளவென்று இருந்தது. விலை குறைவு என்று அவர்களுக்கு மகிழ்ச்சி, சரக்கு தீர்ந்தது என்று எனக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் மாதம் வடம் அறுந்து, தெறித்த நுனி ஒரு தொழிலாளியின் வலது கையை எடுத்துக்கொண்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நம் ஆள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அறுந்த துண்டை நானே கேட்டு வாங்கிவந்து பிரித்துப் பார்த்தேன். ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பது கம்பி. நடுவில் எண்ணெய் ஊறியிருக்க வேண்டிய சணல் திரி காய்ந்து சருகாகிக் கிடந்தது. வெளியே கிரீஸ், உள்ளே துரு. அந்தத் துண்டு இன்னும் என் மேசையில் காகிதத்தின் மேல் பாரமாக இருக்கிறது. கயிற்றைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் படிக்கத் தொடங்கியது அதிலிருந்துதான்.

கயிற்றில் பாரம் தொங்கவிட்டு மலைகடத்துவது மிகப் பழைய யோசனை. போலந்தின் கதான்ஸ்க் நகரில் 1644இல் ஆதம் வைபே என்ற டச்சுக்காரர், கோட்டைக் கொத்தளம் எழுப்ப மண் வேண்டும் என்று ஒரு குன்றிலிருந்து ஆற்றுக்கு மேலாகக் கயிறு கட்டி, வரிசையாகக் கூடைகளைத் தொங்கவிட்டு மண்ணைக் கொண்டுவந்தார். சுற்றிவரும் கயிறு, நடுவில் தூண்கள், தொங்கும் கூடைகள். இன்றைய ரோப்வேக்குள்ள அங்கங்கள் அதிலேயே இருக்கின்றன. ஆனால் அது நார்க் கயிறு. 1834இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் இரும்புச் சங்கிலிகள் அடிக்கடி அறுந்து ஆள் சாவதைப் பார்த்து, வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி இரும்புக் கம்பிகளைக் கையாலேயே முறுக்கி வடமாக்கினார். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று. வடத்தில் ஒரு கம்பி அறுந்தால் பக்கத்துக் கம்பிகள் தாங்கும், அறுந்த கம்பியைக் கண்ணால் பார்த்து எண்ணலாம். எச்சரித்துவிட்டுச் சாகிற சரக்கு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கவனிக்க ஆள் இருந்தால்தான் அந்த எச்சரிக்கைக்கு மதிப்பு. 1868இல் ஹாட்ஜ்சன் என்ற ஆங்கிலேயர், ஓயாமல் சுற்றும் ஒரே வடம் பாரத்தைத் தாங்கவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்ற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு உலகெங்கும் சுரங்கம், தோட்டம், கல்குவாரி என்று கயிற்று வழிகள் பரவின.

நண்பரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். நம்மவர்களில் மூணாறு போகாத குடும்பம் குறைவு. போனவர்கள் டாப் ஸ்டேஷன் போய் மேகத்தோடு படம் எடுத்திருப்பார்கள். அது எதற்கு 'டாப்', எதற்கு 'ஸ்டேஷன்' என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? பஸ் ஸ்டேஷனும் இல்லை, போலீஸ் ஸ்டேஷனும் இல்லை. அது ஒரு கயிற்று வழியின் மேல் நிலையம். அங்கிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணியை நோக்கிக் காட்டுப் பாதையில் இறங்கினால் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சிற்றூர் வரும். அடிவாரத்தில் இருக்கும் கொட்டகுடிக்கு அந்நாளில் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். கயிறு போய்விட்டது, அதன் பெயர் மட்டும் மலைச்சரிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கண்ணன் தேவன் மலைகளை 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் குத்தகைக்கு எடுத்தார். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி ஏற்பட்டது. தேயிலை விளைந்தது, ஆனால் அதை எப்படிக் கடலுக்குக் கொண்டுபோவது? மேற்கே கொச்சிப் பக்கம் காடும் ஆறும். கிழக்கே செங்குத்தான சரிவு, ஆனால் சரிவுக்குக் கீழே போடிநாயக்கனூர், அதற்கு அப்பால் பாண்டிச் சமவெளி, தூத்துக்குடித் துறைமுகம். ஆகவே தேயிலை கிழக்கே இறங்கியது. 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்திலும், சமநிலைக்கான பெரிய சக்கரம் சாலையிலும் உருள, மாடுகள் இழுக்கும். யூயிங் முறை என்று அதற்குப் பெயர். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். மாட்டுப்பட்டி, பாலாறு என்று நடுவில் நிலையங்கள். அந்த ரயில் வந்து முடியும் இடத்தில் கயிறு தொடங்கும். சுமார் 5 கிலோமீட்டர் தூரம் தேயிலைப் பெட்டிகள் அந்தரத்தில் இறங்கிக் கொட்டகுடி சேரும். அங்கிருந்து 15 கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போடி.

இதை நான் வியப்புக்காகச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ரயில் எவ்வளவு கொண்டுவந்து தள்ளுகிறதோ அவ்வளவையும் கயிறு இறக்க வேண்டும், கயிறு இறக்குவதை எல்லாம் கீழே வண்டிகள் எடுத்துப்போக வேண்டும். எங்கே ஒன்று தாமதித்தாலும் பெட்டி மழையில் நனையும், தேயிலை பூசணம் பிடிக்கும். கயிறு எவ்வளவு வேகமாக ஓடினாலும் இரண்டு முனையிலும் சரக்கைக் கையாள ஆள் இல்லையென்றால் பயனில்லை. அந்த ஆட்கள் யார்? மேலே பெட்டி தூக்கி மாட்டியவர்களும், கீழே கழற்றி அடுக்கியவர்களும், வண்டி ஓட்டியவர்களும் பெரும்பாலும் நம் தமிழர்கள். மதுரைச் சீமையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மலையேறியவர்கள். நம் ஆளுக்கு இதுல என்ன பழக்கம் என்று கேட்ட நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நூறு வருஷத்துக்கு மேல் பழக்கம்.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆனதால் மலையாளிகள் இன்றும் '99ன் வெள்ளம் என்பார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அது வாரிக்கொண்டு போனது. பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. காலப்போக்கில் லாரிப் பாதைகள் வந்து கயிற்றுக்கும் வேலை இல்லாமல் செய்துவிட்டன.

ஆனால் கயிறு சாகவில்லை, தொழிலை மாற்றிக்கொண்டது. பாரம் சுமந்தது போய், பார்க்க வந்தவர்களைச் சுமக்கத் தொடங்கியது. 1956இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து பூங்காவுக்குள் சுவிஸ் கம்பெனி செய்த ஸ்கைவே என்ற தொட்டில் ஓடியது, 1994 வரை. அது சவாரி. அதே டிஸ்னிக்காரர்கள் 2019 செப்டம்பர் 29இல் புளோரிடாவில் திறந்த ஸ்கைலைனர் வேறு வகை. தங்கும் விடுதிகளையும் பூங்காக்களையும் இணைக்கும் போக்குவரத்து அது, பஸ்ஸுக்குப் பதிலான கயிறு. சிங்கப்பூரில் 1974 முதல் மவுண்ட் ஃபேபரிலிருந்து செந்தோசாவுக்குப் போகிறது. நம் பக்கத்தில் மலம்புழைத் தோட்டத்தின் மேல் இருவர் உட்காரும் திறந்த தொட்டில்கள் உண்டு. அது சவாரிதான். பழனி அப்படியல்ல. 693 படி ஏற முடியாத முதியவர்களுக்கு அது வண்டி. 1966 முதல் விஞ்ச், 2004 நவம்பர் முதல் ரோப் கார்.

இவற்றில் வேலைப்பாடு இரண்டு விதம். பழனியில் பெட்டிகள் வடத்தோடு கெட்டியாகப் பிடிபட்டவை. நாலு நாலாகச் சேர்ந்து போகும், நிலையத்துக்கு வரும்போது வடமே நிற்கும். 'கொண்டோலா' என்கிறார்களே (வெனிஸ் நகரத்துப் படகின் பெயர் அது), அதில் பெரும்பாலும் பிடி திறந்து மூடும். வடம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நிலையத்துக்குள் நுழைந்ததும் பெட்டியின் பிடி தானே திறந்து, பெட்டி வடத்தை விட்டுத் தண்டவாளத்துக்கு மாறி நடை வேகத்தில் ஊரும். ஏறி உட்கார்ந்ததும் திரும்பவும் வேகம் கொடுத்து வடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் ஏறும்போது கால் தரையில் இருக்கிறதே என்று பாட்டிமார் ஆச்சரியப்படுவது இதனால்தான்.

எங்கள் பக்கத்தில் இப்போதைய அதிசயம் கொல்லம் மாவட்டம் சடையமங்கலத்தில், எம்.சி. ரோட்டின் ஓரத்தில் இருக்கும் ஜடாயுப் பாறை. விதுராவிலிருந்து காலையில் புறப்பட்டால் மத்தியானம் வீடு திரும்பலாம். ராவணனோடு போரிட்டு ஜடாயு விழுந்த இடம் என்பது ஊர் நம்பிக்கை. சினிமா இயக்குநர் ராஜீவ் அஞ்சல் அங்கே ஒரு சிறகு இழந்து மல்லாந்து கிடக்கும் பறவையை 200 அடி நீளம், 150 அடி அகலம், 70 அடி உயரத்தில் செய்திருக்கிறார். 2018இல் திறந்தார்கள். அடியிலிருந்து பாறை உச்சிக்குக் கேபிள் கார். போன ஆண்டு என் மனைவி, மகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு போனேன். பிள்ளைகள் பறவையைப் பார்த்தார்கள், நான் வடத்தையும் தூண் மேலுள்ள கப்பிகளையும் பார்த்தேன். "ஊர் சுற்ற வந்தாலும் கடைதானா உங்களுக்கு?" என்று மனைவி கேட்டாள். அவளுக்கு முழங்கால் வலி. படியென்றால் அந்தப் பறவையை அவள் பார்த்திருக்கவே மாட்டாள்.

அதற்கு முன் 2022இல் அவளைக் கிர்னார் அழைத்துப் போயிருந்தேன். நேமிநாதர் முக்தியடைந்த மலை, எங்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது காண வேண்டிய இடம். பத்தாயிரம் படி என்று சொல்லுவார்கள். 2020 அக்டோபர் 24இல் அங்கே ரோப்வே திறந்தார்கள். சுமார் 2.3 கிலோமீட்டர், எட்டுப் பேர் அமரும் 25 பெட்டிகள், மணிக்கு 800 பேர். 1980களில் தொடங்கிய திட்டம், முடிய இத்தனை காலம். தாமதத்துக்குள்ள காரணங்களில் ஒன்று, அந்தப் பாறைகளில் கூடு கட்டும் பாறுக் கழுகுகள். நம் ஊரில் கல்லில் கழுகு செய்து அதைப் பார்க்கக் கயிறு கட்டினோம், அங்கே உயிருள்ள கழுகுக்காகக் கயிறு காத்திருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, காத்திருந்தது நல்லதுதான். இன்னொரு விஷயம். ரோப்வே போய் நிற்கும் அம்பாஜி கோயில், எங்கள் சமணக் கோயில்களுக்கு மேலே இருக்கிறது. ஆகவே கயிற்றில் ஏறி, படியில் இறங்கித்தான் நேமிநாதரைக் காண வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. என் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இறங்கினாள். நிலையம் எங்கே வைப்பது என்பதில் எத்தனை பேருடைய கால் அடங்கியிருக்கிறது என்று அன்று புரிந்தது.

இனி பொன்முடி. கல்லாற்றிலிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவு. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் வரிசையாக நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே ஒரு கயிறு போட்டால் என்ன கணக்கு வரும்? கடைக்காரன் கணக்காகவே போடுகிறேன். நீளம் 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகம் விநாடிக்கு 5 மீட்டர். போக 800 விநாடி, வர 800, இரண்டு நிலையத்திலும் ஊர்ந்து திரும்ப 200. ஆக ஒரு சுற்று 1800 விநாடி. மணிக்கு 1000 பேர் போக வேண்டும், பெட்டிக்கு 8 பேர் என்றால் மணிக்கு 125 பெட்டி, அதாவது 29 விநாடிக்கு ஒன்று. அதற்கு மொத்தம் 63 பெட்டி வேண்டும். இதுவரை எல்லோரும் போடும் கணக்கு.

இதே கணக்கின் அடுத்த வரியை விளம்பரத்தில் போடமாட்டார்கள். கயிறு திடீரென்று நின்றால் அந்த நேரம் அந்தரத்தில் எத்தனை பெட்டி? ஏறக்குறைய 55. ஏறுவதும் இறங்குவதும் நிறைந்திருந்தால் 440 பேர். மணிக்கு எத்தனை பேர் என்ற எண்ணை ஏற்ற ஏற்ற, தொங்கும் எண்ணும் கூடவே ஏறும். 2022 ஏப்ரல் 10இல் ஜார்க்கண்டில் தேவ்கர் பக்கத்துத் திரிகூட மலையில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பெட்டிகளில் அகப்பட்டவர்களை விமானப்படை ஹெலிகாப்டரும் ராணுவமும் வந்து இறக்க 40 மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்று உயிர் போனது. அங்கே அகப்பட்டவர்கள் 440 பேர் அல்ல, அதில் ஒரு சிறு பங்குதான். சிங்கப்பூரில் 1983 ஜனவரி 29இல் துறைமுகத்தில் போன ஒரு துளைக்கப்பலின் கோபுரம் வடத்தில் மாட்டி ஏழு பேர் இறந்தார்கள். வடத்தில் குறையில்லை. வடத்துக்குக் கீழே எவ்வளவு உயரம் வரை என்ன வரும் என்று பார்க்கத் தவறியதுதான். டிஸ்னியின் ஸ்கைலைனரே திறந்த முதல் வாரத்தில் ஓர் இரவு மூன்று மணி நேரம் நின்றுபோனது. உலகில் செலவுக்கு அஞ்சாத இடம் அது.

ஆகவே பொன்முடிக் கயிற்றை வரைகிறவர் முதலில் வரைய வேண்டியது ஓடும் கயிற்றை அல்ல, நின்ற கயிற்றை. கரண்ட் போனால் டீசல் எஞ்சினில் மெதுவாக இழுத்துச் சேர்க்க முடியுமா? அதுவும் முடியாவிட்டால் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஆள் போக வழி உண்டா? காட்டின் மேல் தூண் நட்டுவிட்டு அடியில் ஒற்றையடிப் பாதைகூட இல்லையென்றால் என்ன செய்வது? இங்கே துலாவர்ஷ காலத்தில், ஐப்பசியில், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி மின்னல் தவறாது. இடி என்றால் கயிற்றை நிறுத்தத்தான் வேண்டும். காலையில் மேலே போகிறவர்கள் எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை சிறிது சிறிதாகப் போவார்கள். சாயந்திரம் பனிமூட்டம் இறங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே வரப் பார்ப்பார்கள். எந்த நேரத்தில் கயிறு அதிகம் தேவையோ அந்த நேரத்தில்தான் நம் வானம் அதை நிறுத்தும். அப்போது மேலே மாட்டிக்கொண்டவர்களுக்குக் கூரையும், குடிக்கத் தண்ணீரும், இறங்க பஸ்ஸும் வேண்டும். அது நிலையத்தின் வேலை, கயிற்றின் வேலை அல்ல.

பழனியில் மாதம் ஒரு நாளும், ஆண்டில் ஒரு தடவை பல நாட்களும் பராமரிப்புக்காக ரோப் காரை நிறுத்துவார்கள். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. காற்று பலமாக அடித்தாலும் நிறுத்துவார்கள். நான் அந்தச் செய்தியைக் கண்டால் கத்தரித்து வைத்துக்கொள்கிறவன். நிறுத்துகிறார்கள் என்றால் யாரோ வடத்தைத் தடவிப் பார்க்கிறார்கள் என்று பொருள்.

என்னுடைய அபிப்பிராயத்தைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுகிறேன். கயிறு வந்தால் கல்லாற்றிலேயே கார்களை நிறுத்திவிட்டு, மலைப் பாதையைப் பஸ்ஸுக்கும் தோட்டக்காரருக்கும் ஆம்புலன்ஸுக்கும் மட்டும் விடுவது என்றால் அது வண்டி, வரட்டும். காரும் போகும், கயிறும் போகும் என்றால் அது சவாரி. சவாரிக்காகக் காட்டின் நடுவில் தூண் நட வேண்டுமா என்று வனத்துறையும் நாமும் யோசிக்க வேண்டும். டாப் ஸ்டேஷன் கயிற்றுக்குச் சுமக்க ஒரு பாரம் இருந்தது. அந்தப் பாரம் வேறு வழி கண்டதும் கயிறு தானே விலகிக்கொண்டது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மூணாறு, போடி, குரங்கணிப் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு. பாட்டன் பூட்டன் காலத்தில் கயிற்று நிலையத்திலோ குண்டளை ரயிலிலோ வேலை செய்தவர்கள் இருந்தால், அவர்கள் பெயர், ஊர், சம்பளச் சீட்டு, ஒரு பழைய புகைப்படம், வீட்டில் கிடக்கும் ஒரு கொக்கி, எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் கடையில் இருப்பேன். கொண்டுவந்து காட்டினால் நகல் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருகிறேன். கொக்கியாக இருந்தால் எடை பார்த்து, எத்தனை மணங்கு தாங்கியிருக்கும் என்றும் சொல்லுகிறேன்.